பிரித்தால்தான் காசு

செம்பும் பித்தளையும் ஒரே சாக்கில் வந்தால் பித்தளை விலைதான். பித்தளைக்குள் இரும்பு ஆணி கிடந்தால் அதற்கும் கீழே. குமரி மாவட்டத்துக் களியக்காவிளைப் பக்கம், பழைய சாமான் எடுக்கிற எந்த ஆக்கர் கடைக்குப் போனாலும் இதுதான் சட்டம். போர்டில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், பேரமும் செல்லாது.

என் சித்தப்பாவின் கடை மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை. இரண்டு பக்கத்து வீட்டுச் சாமானும் வந்து சேரும். அண்ணாச்சிக்குத் தமிழில் ஒரு விலை, சேட்டனுக்கு மலையாளத்தில் அதே விலை. காலேஜில் வேதியியல் படித்த காலத்தில் விடுமுறை என்றால் அங்கேதான் கிடப்பேன். பாடப் புத்தகம் உலோகங்களைக் கலக்கச் சொல்லிக் கொடுத்தது: செம்போடு துத்தநாகம் சேர்த்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம், முடிந்தது பாடம். கடையில் நடப்பது நேர் எதிர். கலந்து கிடப்பதை எப்படிப் பிரிப்பது, பிரிக்கவே முடியாததை எப்படிக் கண்டுபிடித்து ஒதுக்குவது என்பதுதான் தொழில். உலோகமோ பிளாஸ்டிக்கோ, கலப்பதற்குப் பெரிய செலவில்லை. பிரிப்பதில்தான் மின்சாரம், விறகு, ஆள்கூலி எல்லாம் போகிறது. இந்தப் பாதியைப் புத்தகங்கள் ஏன் இவ்வளவு அவசரமாகக் கடந்து போகின்றன என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

முதல் சோதனை காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் வேறு ஏதோ. எவர்சில்வர் வந்துதான் இந்தக் கணக்கைக் குழப்பியது. எவர்சில்வரில் ஏறக்குறைய எழுபது பங்கு இரும்புதான். ஆனாலும் 18 சதம் குரோமியமும் 8 சதம் நிக்கலும் சேர்ந்த நல்ல ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கல் உள்ளே போனதும் இரும்பு அணுக்கள் அடுக்கி நிற்கும் விதமே மாறிவிடுகிறது. மாறிய அடுக்கைக் காந்தம் இழுப்பதில்லை. துருவைத் தடுப்பது குரோமியம். அது காற்றோடு சேர்ந்து மேலே சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும். சுரண்டினாலும் தானே மறுபடி மூடிக்கொள்ளும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் குரோமியம் சேர்த்த எஃகை உருக்கியபோது துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்கத்தான் வழி தேடிக்கொண்டிருந்தார். நம் ஊர்க் கல்யாணச் சீர்வரிசை அவர் கணக்கிலேயே இல்லை.

நிக்கல் விலை கூடிய சரக்கு. அதைக் குறைத்துவிட்டு மாங்கனீஸைச் சேர்த்த மலிவு ரகம் ஒன்று உண்டு. அதிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் சீக்கிரம் கறை பிடிக்கும். நிக்கலே இல்லாமல் குரோமியம் மட்டும் சேர்த்த ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். நம் ஒரு ரூபாய் நாணயம் அந்த ஜாதி: 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். ஆகவே ‘பாருங்க, காந்தம் ஒட்டல, அசல் எவர்சில்வர்’ என்று காட்டுகிற பாத்திரக் கடைக்காரர் பாதி உண்மைதான் சொல்கிறார். இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நல்ல ரக டம்ளரையே எடுத்து, விளிம்பு சுருட்டிய இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், லேசாக இழுக்கும். இழுத்து வளைத்த இடத்தில் அணு அடுக்கு கொஞ்சம் புரண்டு, காந்தத்துக்குப் பிடித்த அடுக்காக மாறியிருக்கும். சித்தப்பா இதற்கெல்லாம் அசர மாட்டார். நடுவயிற்றில் வைத்துத்தான் பார்ப்பார்.

எவர்சில்வருக்கும் ஒரு எதிரி உண்டு: உப்பு. அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே இறங்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வீடுகளில் இருந்து வரும் பாத்திரங்களின் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருப்பது அதனால்தான்.

காந்தம் என்றதும் மணவாளக்குறிச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே கடற்கரைக் கருமணலைப் பிரிக்கிற மத்திய அரசின் அருமணல் ஆலையிலும் அடிப்படை வித்தை இதுதான். மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் என்று பல தாதுக்கள் கலந்து கிடக்கும். இல்மனைட்டில் இரும்பு உண்டு, காந்தம் நன்றாக இழுக்கும். மோனசைட்டை இழுக்க வலுவான காந்தம் வேண்டும். ரூட்டைலும் சிர்கானும் காந்தத்தைச் சட்டை செய்யாது. அவற்றைப் பிரிக்க உயர் மின்னழுத்தம்: ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கான் கடத்தாது, உருளையில் இருந்து விழும்போது வேறு வேறு பக்கம் விழும். கொட்டிக் கிடக்கிற மணலைக் குணம் பார்த்து வரிசை பிரிப்பதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. இந்த மணலின் மதிப்பை வெளியுலகம் தெரிந்துகொண்டதும் கயிற்றால். திருவிதாங்கூரில் இருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் இருந்தது, தோரியத்தில்தான் அன்றைய காஸ் விளக்கின் மேண்டில் எரிந்தது. நம் கோயில் கொடைகளில் தலைமேல் தூக்கிப் போன பெட்ரோமாக்ஸின் வெளிச்சமும் அந்தத் தோரியத்தின் ஆக்சைடுதான்.

கடைக்குத் திரும்புவோம். காந்தம் ஒட்டியதெல்லாம் ஒரே இரும்பு இல்லை. அதற்குச் சாணைக்கல். மாலையில் வெளிச்சம் மங்கினதும் பார்க்க வேண்டும். சாதாரண கம்பியைச் சாணையில் வைத்தால் பொறி நீளமாக, கோடு கோடாகப் பறக்கும். வில்பட்டையோ அரமோ என்றால் ஒவ்வொரு பொறியும் நுனியில் பூப்பூவாக வெடிக்கும். அதிலிருக்கிற கார்பன் எரிந்து வாயுவாகி வெடிக்கிறது. வார்ப்பிரும்பில் கார்பன் இன்னும் அதிகம், நூற்றுக்கு 2-க்கு மேல், ஆனால் பொறி குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் இருக்கும். செம்பு, அலுமினியத்தில் பொறியே வராது. ஆய்வுக்கூடக் கருவி ஒன்றும் இல்லாமல் கார்பன் அளவைக் கண்ணால் ஊகிக்கிற இந்த வித்தையை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் கடையில் வேலை பார்த்த ஒரு அண்ணன். பள்ளிக்கூடத்தை அவர் பாதியில் விட்டவர்.

இரும்பு லோடு பாலக்காட்டு கஞ்சிக்கோட்டுப் பக்கம் போகும். அங்கே இன்டக்ஷன் உலைகளில் உருக்கிக் கட்டடக் கம்பி ஆக்குவார்கள். உருக்குவது வேறு, சுத்தம் செய்வது வேறு. இரும்போடு கொஞ்சம் அலுமினியம் போய்விட்டால் மோசமில்லை. அது ஆக்சிஜனோடு ஓடிப் போய்க் கசடாக மேலே மிதக்கும், வழித்தெறியலாம். செம்பு போனால் தொலைந்தது. இரும்பைவிட ஆக்சிஜன் மேல் ஆசை குறைந்தது செம்பு, அதனால் கசடுக்குப் போகாமல் இரும்போடேயே தங்கிவிடும். அந்த எஃகைச் சூடாக்கி உருளையில் விட்டால் மேற்பரப்பில் வெடிப்பு விழும். வெள்ளீயமும் இதே கதை. மோட்டாரை உடைத்துச் செம்புக் கம்பியை உருவி எடுக்காமல் அப்படியே இரும்பில் போட்டுவிட்டால் சித்தப்பாவுக்குச் செம்பு நஷ்டம், உலைக்காரருக்கு எஃகு நஷ்டம். அந்தச் செம்பு அடுத்த உலை, அதற்கடுத்த உலை என்று இரும்போடேயே பயணம் போய்க்கொண்டிருக்கும்.

செம்புக் குடும்பத்துக்குத் தனி மூலை உண்டு. அரம் வைத்து ஓர் இழுப்பு, உள்நிறம் சொல்லிவிடும். சிவப்பு என்றால் செம்பு. மஞ்சள் என்றால் பித்தளை. சிவப்பும் மஞ்சளும் இல்லாத ஒரு மங்கல் நிறம் என்றால் கன்மெட்டல்: 88 பங்கு செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம், பம்புகளிலும் வால்வுகளிலும் வரும். வெண்கலத்துக்கு அரம் தேவையில்லை, விரல் மடக்கித் தட்டினால் போதும். பித்தளைச் சொம்பு ‘டொக்’ என்று அடங்கிவிடும். வெண்கல உருளியோ கணீர் என்று நின்று முழங்கும். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் வெள்ளீயம் சேர்ந்து செம்பு அவ்வளவு கடினமாகிவிட்டது. அதிர்வு உள்ளே செத்துப் போகாமல் ஒலியாக வெளியே வருகிறது. அதே கடினம்தான் அதன் கேடும். கைதவறிக் கல்தரையில் போட்டால் நெளியாது, உடையும்.

வெள்ளீயத்தை இன்னும் ஏற்றி மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுபோனால் மஞ்சள் நிறம் போய் வெள்ளி நிறம் வந்துவிடும். கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி அதுதான். செம்பும் வெள்ளீயமும் அந்த விகிதத்தில் சும்மா கலந்து நிற்பதில்லை, குறிப்பிட்ட எண்ணிக்கையில் அணுக்கள் கோத்து ஒரு சேர்மமாகவே ஆகிவிடுகின்றன. கண்ணாடிச் சில்லைப் போல நொறுங்கும் பொருள் அது, ஆனால் தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும். பிம்பம் உலோகத்தின் முகப்பிலேயே விழுவதால் விரல் நுனியை வைத்தால் பிம்பத்தின் விரலோடு இடைவெளியே இல்லாமல் தொடும். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்னால் இருப்பதால் இடைவெளி தெரியும். இதைச் செய்கிற குடும்பங்கள் திருநெல்வேலிச் சீமையில் இருந்து கோயில் வேலைக்குப் போன கம்மாளர்கள் என்று அங்கே சொல்வார்கள். விகிதத்தின் நுணுக்கத்தை அவர்கள் வெளியே விடுவதில்லை. ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கண்ணாடி வராது என்பதால் ரகசியத்துக்கு அர்த்தமும் இருக்கிறது.

பித்தளையை உருக்குகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும்; செம்பு உருகவே 1085 டிகிரி வேண்டும். அதனால் உலையில் இருந்து துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர்க் காய்ச்சல் வரும், மறுநாள் போய்விடும். தாதுவில் இருந்து துத்தநாகத்தைத் தனியாக எடுப்பது உலகத்துக்கே நெடுங்காலம் கை வராமல் இருந்ததும் இந்த ஆவிக் குணத்தால்தான்: இரும்பைப் போல உலையின் அடியில் உருகி நிற்காமல் புகையோடு போய்விடும். ராஜஸ்தானின் சாவரில் மண் குடுவைகளை வைத்து ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1738-ல், சில நூற்றாண்டு கழித்து.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் எங்கள் ஊரில் இப்போது அபூர்வம். சின்ன வயதில் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. குழி தோண்டிக் கரி போட்டு, துருத்தி வைத்துப் பாத்திரத்தைக் காய்ச்சுவார். நவச்சாரத் (அம்மோனியம் குளோரைடு) தூளைத் தூவினதும் குப்பென்று வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். நவச்சாரம் சூட்டில் பிரிந்து கிடைக்கிற ஹைட்ரஜன் குளோரைடு, உலோகத்தின் மேல் உள்ள ஆக்சைடு அழுக்கைத் தின்றுவிடும். அந்த நொடியில் ஈயக் கட்டியை ஒரு தீற்றுத் தீற்றி, பஞ்சுத் துணியால் சுழற்றினால் மஞ்சள் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளி வெளேரென்று ஆகிவிடும். அழகுக்காக இல்லை. புளியும் தயிரும் பித்தளையில் இருந்து செம்பைக் கரைத்துக் களிம்பு ஏற்றும். வெள்ளீயம் அதைத் தடுக்கும். வெள்ளீயம் இருக்க வேண்டிய இடத்தில் மலிவான காரீயம் கலந்தால் நஞ்சு. தெரிந்தவர்கள் கட்டியை வளைத்துக் காதருகே வைத்துப் பார்ப்பார்கள். சுத்த வெள்ளீயம் வளையும்போது உள்ளே படிகங்கள் புரண்டு ‘கறக் கறக்’ என்று சத்தம் கொடுக்கும். காரீயம் வாயே திறக்காது, காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு போடும். ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறவர்கள் அடுப்பை விட்டு நகராமல் நிற்பதற்குக் காரணம், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கிறவரை சூடு நூறைத் தாண்டாது. வற்றிவிட்டால் சொம்பே உருகி அடுப்பில் ஓடும்.

அலுமினியத்துக்கு வருவோம். பாக்சைட்டில் இருந்து அலுமினா, அலுமினாவில் இருந்து மின்சாரம் பாய்ச்சி அலுமினியம். அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் 1886-ல் தனித்தனியே கண்டுபிடித்த வழியில்தான் இன்றும் எடுக்கிறார்கள். ஒரு கிலோவுக்குப் பதின்மூன்று, பதினான்கு யூனிட் மின்சாரம் போகும். மூணாறுப் பக்கத்துப் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-ல் ஓட ஆரம்பித்தது, 1943-ல் ஆலுவாவில் நாட்டின் முதல் அலுமினிய உருக்காலை வந்தது. எங்கள் தாலுகாக்களும் அப்போது திருவிதாங்கூர்தான். தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது 1956 நவம்பர் 1-ல். பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவில் இருந்து எடுக்கப் போகிற மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு அளவு சக்தி போதும். அதனால்தான் நசுங்கிய சட்டிக்கும் நல்ல விலை கிடைக்கிறது. ஆனால் இங்கேயும் அதே சட்டம். மின்கம்பி அலுமினியம் கிட்டத்தட்ட சுத்தம். பைக் எஞ்சின் வார்ப்பில் சிலிக்கான் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்து உருக்கினால் கம்பி இழுக்க முடியாது, வார்ப்புக்குத்தான் ஆகும். திருகாணி ஒன்றிரண்டு உள்ளே கரைந்தாலும் இரும்பை வெளியே எடுக்க மலிவான வழி கிடையாது. கம்பி வார்ப்பாகலாம், வார்ப்பு கம்பியாவது நடக்காது.

விசைப்படகில் இருந்து வரும் துத்தநாகக் கட்டிகளையும் சொல்ல வேண்டும். அரித்து அரித்துப் பாதியாகி வரும். கடல்நீரில் இரும்பும் புரொப்பல்லர் வெண்கலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு பாட்டரி உண்டாகி இரும்பு கரையும். இரும்பைவிட எளிதாகக் கரைகிற துத்தநாகத்தை ஒட்டி வைத்தால் அது தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். முழுசாக வருகிற கட்டியைப் பார்த்தால் சித்தப்பா சந்தேகப்படுவார்: யாரோ சரியாக இணைக்காமல் வைத்திருக்கிறார்கள், அந்தப் படகின் அடிப்பகுதிதான் அரித்துக்கொண்டிருக்கும்.

பிளாஸ்டிக் மூலைக்குப் போனால் காந்தமும் அரமும் உதவாது. ஒரு தொட்டித் தண்ணீர் வேண்டும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். குடிநீர் பாட்டிலின் பெட், குழாயின் பி.வி.சி. இரண்டும் மூழ்கும். பாட்டிலை மூடியோடு அரைத்துத் தண்ணீரில் கொட்டினால் மூடித்தூள் மேலே, பாட்டில்தூள் அடியில். இவ்வளவு சுலபமாகப் பிரிவது பிளாஸ்டிக்கில் அபூர்வம். மூழ்கினதற்குள் பி.வி.சி. கொஞ்சம் இருந்துவிட்டால் போதும்: பெட் உருக 260 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் பி.வி.சி. தாங்காமல் அமிலப் புகை விட்டுக் கருகும், மொத்தச் சரக்கும் பழுப்பேறும். கம்பிக்காக வயரைக் கொளுத்துகிற பையன்கள் பார்க்கிற பச்சைத் தீயும் இந்தக் குளோரின் செம்போடு சேர்ந்து செய்வதுதான். அந்தப் புகையில் டையாக்ஸின் இருக்கும். சித்தப்பா கடையில் கொளுத்தக் கூடாது. கத்தி வைத்து உரிக்க வேண்டும்.

உலோகங்கள் உருகினால் பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். பிளாஸ்டிக்குகள் கரைவதில்லை. பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டுமே வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான், சொந்தக்காரர்கள்தான், ஆனாலும் சேர்த்து உருக்கினால் தனித்தனித் திட்டுகளாகவே நிற்கும். சின்ன மூலக்கூறுகள் கலைந்து கலப்பதில் கிடைக்கிற ஆதாயம், ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகளுக்குக் கிடைப்பதில்லை. அந்தத் திட்டுகளின் ஓரத்தில் விரிசல் விடும். தனியாக உருக்கினாலும் ஒவ்வொரு சூட்டிலும் சங்கிலி கொஞ்சம் அறுந்து குட்டையாகும். செம்பு அணுவை எத்தனை முறை உருக்கினாலும் அது செம்பு அணுதான். பிளாஸ்டிக் அப்படியில்லை: குடம் வாளியாகும், வாளி சாக்கடைக் குழாயாகும், அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

வெயிலும் சங்கிலியை அறுக்கும். மொட்டை மாடியில் கிடந்த குடம் வெளுத்து, தொட்டால் பொருக்கு விடுவது அதனால்தான். தண்ணீர்த் தொட்டியும் தோட்டக் குழாயும் கருப்பாக இருப்பது புற ஊதாக் கதிரைக் கரித்தூள் விழுங்குவதற்காக. வெள்ளைக் குழாய்க்கும் வெள்ளை நாற்காலிக்கும் அந்த வேலையை டைட்டானியம் டையாக்ஸைடு செய்கிறது. அந்தப் பொடி வருவது முன்னால் சொன்ன இல்மனைட், ரூட்டைலில் இருந்து.

அப்புறம் உருகவே உருகாத கூட்டம். குக்கர் கைப்பிடியின் பேக்கலைட்டை லியோ பேக்லண்ட் 1907-ல் செய்தார். ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிக்கொண்ட பொருள். சூடாக்கினால் இளகாது, கருகும். மெலமைன் தட்டும் ஃபைபர் படகும் இதே இனம். நம் ரப்பர் தோட்டத்துப் பாலும் அப்படித்தான்: ஷீட்டாக இருக்கிறவரை இளகும், கந்தகம் சேர்த்து டயரானால் இளகாது. “அக்கா, கைப்பிடிய கழட்டிட்டுக் கொண்டுவந்தா கூட ரெண்டு ரூவா கிடைக்கும் பாத்துக்கிடுங்க” என்று சித்தப்பா சொல்வது சும்மா இல்லை. கழற்றாவிட்டால் சுத்தியல் எடுத்து அவர்தான் உடைக்க வேண்டும், உடைத்த துண்டை வாங்க ஆள் கிடையாது.

நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டுகளை அவர் தொடவே மாட்டார். பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் ஆவியாகப் படிய வைத்த அலுமினியம். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிப்ஸ் காறல் எடுக்காமல் காப்பதில் அதை அடிக்க ஆள் இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். போன தடவை போனபோது ஒரு பள்ளிக்கூடப் பையன் சாக்கு நிறைய அமுக்கிக்கொண்டு வந்து நின்றான். உள்ளே பளபளவென்று இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “இதுல அலுமினியம் இருக்குல்லா, எங்க சாரு சொன்னாரு” என்றான்.

“இருக்கு மக்களே. நீ அதைத் தனியா எடுத்துக் குடு, அலுமினிய விலையே தாறேன்.”